மொறிஸ் மைனர் 1000: எஸ்.யூ. காபரேற்றர் உதிரிப்பாகங்கள் – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர்களில் ஒன்றைப் பல ஆண்டுகளாக அன்றாடத் தேவைகளுக்கே பயன்படுத்தி வருகிறேன். 1962ஆம் ஆண்டுக்குப் பின் வந்த, 1098 சிசி என்ஜின் கொண்ட மைனர் 1000 அது. பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் அதன் காபரேற்றருக்கு (எஸ்.யூ. தயாரிப்பு, எச்.எஸ்.2 வகை) பாகம் தேடுவோர் காரின் பெயரை மட்டும் சொல்லிக் கடைகளில் கேட்பதில் பயனில்லை. இதே காபரேற்றர் பழைய மினிகளிலும் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால், பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வேறு: மைனர் 1098க்கு உரியது ஏ.என். (AN), மினி 850க்கு உரியது ஈ.பி. (EB). ஆகவே, பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள கொழும்புப் பஞ்சிகாவத்தையில் மினியிலிருந்து கழற்றிய காபரேற்றர் கிடைத்தாலும் ஊசியைப் பார்க்காமல் பூட்டக் கூடாது.

காபரேற்றரில் பெற்றோல் தேங்கும் மிதவை அறை மூடியின் திருகோடு ஒரு சிறிய அடையாளத் தகடு இருக்கும்; அதிலுள்ள எண்ணே சரியான வழிகாட்டி. என் வண்டி பல கைகள் மாறி வந்ததால் அந்தத் தகடு இல்லை. காபரேற்றரின் மேலறையைக் கழற்றி, அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டனின் பக்கத் திருகைத் தளர்த்தி ஊசியை உருவினால், அதன் தடித்த முனையில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டே என் தேடலைத் தொடங்கினேன்.

அதிகம் தேய்வது பெற்றோல் வெளிவரும் ஜெற்றும் அதற்குள் அசையும் ஊசியும்தான். ஜெற்றின் 0.090 அங்குல வட்டத் துளை, ஊசி உரசி உரசி நீள்வட்டமாகிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு திருகினாலும் கலவை சரிவராது, புகைபோக்கி கறுத்துக்கொண்டே இருக்கும். முதலில் உள்ளூரில் வாங்கிய, தயாரித்தவர் பெயரில்லாத பாகத்தொகுதியில் ஜெற்றின் துளையே மையம் விலகியிருந்தது. பின்னர், இன்று எஸ்.யூ. பாகங்களைத் தயாரிக்கும் இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகரத்து பர்லன் நிறுவனத்தின் ஜெற்றையும் ஊசியையும் தருவித்தேன். தபாற்செலவும் சுங்கவரியும் சேர்ந்தபோது விலை கனத்தது என்றாலும், இந்த இரண்டு பாகங்களில் மலிவு பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவை இன்றுவரை சீராக உழைக்கின்றன.

காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டைத் தாங்கும் த்ரொட்டில் தண்டின் நிலை வேறு. அது தேய்ந்தால் பக்கவாட்டில் காற்று உள்ளே புகுந்து, வண்டி நிற்கும்போது என்ஜின் ஒரே வேகத்தில் ஓடாது. காபரேற்றர் உடலின் துளையும் சேர்ந்தே தேய்ந்திருப்பதால் புதுத் தண்டு மட்டும் போதாது. நல்ல லேத் பட்டறையில் துளையைப் பெருப்பித்து வெண்கலப் புஷ் (உட்குழல்) இடுவதே தீர்வு. இங்குள்ள தொழிலாளர்களின் கைத்திறனுக்கு அது இயல்பான வேலை. தட்டைப் பிடிக்கும் பிளவுத் திருகுகளின் நுனியை மட்டும் விரித்துவிட்டார்களா என்று கட்டாயம் பாருங்கள். கழன்றால் அவை என்ஜினுக்குள்ளேயே விழும்.

பிஸ்டனையும் மேலறையையும் தனித்தனியாக வாங்காதீர்கள். தொழிற்சாலையிலேயே சோடி சேர்க்கப்பட்டவை அவை. விரலால் உயர்த்தி விட்டால் பிஸ்டன் எங்கும் தடைப்படாமல் விழுந்து, அடியில் தட்டும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். மற்றப்படி, மிதவை வால்வையும் கஸ்கெற்றுகளையும் இடையிடையே மாற்றியதைத் தவிர எனக்கு வேறு செலவு வரவில்லை. ஜெற்றோடு சேர்ந்து வரும் நைலோன் குழாய் காலப்போக்கில் இறுகி வெடிக்கக்கூடியது என்பதால், அதில் ஒன்றை மட்டும் எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.