அணி மாறிக்கொண்டே இருந்த தடுப்பாட்டக்காரர்களைத் தேடிப் படிக்க: இன்டர்நெட் ஹாக்கி டேட்டாபேஸ் தளம் குறித்து

ஐஸ் ஹாக்கியின் பெரிய நட்சத்திரங்களைப் பற்றி அறிய எந்தத் தளத்தைத் திறந்தாலும் போதும். ஆனால் அணிக்கு அணி மாறி, மேல்நிலை லீகுக்கும் கீழ்நிலை லீகுக்கும் இடையே போய் வந்து, பதினைந்து இருபது ஆண்டுகள் ஆடி ஓய்ந்த ஒரு தடுப்பாட்டக்காரரின் தொழில்வாழ்க்கையை அறிய விரும்புபவருக்குப் போக்கிடங்கள் அதிகமில்லை. ஆங்கிலத்தில் ஜர்னிமேன் என்று சொல்லப்படும் இத்தகையவர் பல அணிகளுக்கும் வேண்டியவர், எந்த அணிக்கும் இன்றியமையாதவர் அல்லர். ரால்ஃப் ஸ்லேட் தொடங்கிய இன்டர்நெட் ஹாக்கி டேட்டாபேஸ் தளத்தை, இவர்களைத் தேடிப் படிப்பதற்கென்றே நான் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். கட்டணம் எதுவும் இல்லை, அலங்காரமும் இல்லை.

ஓர் ஆட்டக்காரருக்கு ஓர் அட்டவணை, ஒரு பருவத்துக்கு ஒரு வரி என்பதே இதன் அமைப்பு. அணி, லீக், ஆடிய ஆட்டங்கள், கோல்கள், கோலுக்கு உதவியவை, தண்டனை நிமிடங்கள் ஆகியவை இடப்புறம் இருக்கும். பருவ முடிவில் முன்னணி அணிகள் மட்டும் கோப்பைக்காக மோதும் பிளேஆஃப் சுற்றுகளின் கணக்கு வலப்புறம் இருக்கும். பருவத்தின் நடுவில் அணி மாறினால் அதே ஆண்டுக்கு இரண்டு வரிகள், சில சமயம் மூன்று வரிகள் வந்துவிடும். ஆகவே ஒருவர் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்தார் என்பது எண்களைப் படிப்பதற்கு முன்பே, அட்டவணையின் நீளத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இத்தளத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர் ஜே.ஜே. டெனோவின் பக்கத்திலிருந்து தொடங்கலாம். 1984-இல், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தேர்வில், வான்கூவர் அணி முதல் சுற்றில் 10-ஆவது தேர்வாக எடுத்துக்கொண்ட இந்தத் தடுப்பாட்டக்காரர் அதன்பின் ஃபிலடெல்ஃபியா, மான்ட்ரியால், செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க், அனஹைம், நியூயார்க் ஐலண்டர்ஸ், நாஷ்வில், ஃபீனிக்ஸ், மினசோட்டா என மொத்தம் 10 என்.எச்.எல். (வட அமெரிக்காவின் மேல்நிலை லீகான நேஷனல் ஹாக்கி லீக்) அணிகளுக்கு ஆடினார். கடைசி அணியான மினசோட்டாவுக்கு அவர் ஆடியது 2000-01 பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம்; அந்த ஓர் ஆட்டத்துக்கும் முழு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆடிய 1986-87 வரியின் வலப்புறத்தில், பிளேஆஃப் கோல்கள் என்ற கட்டத்தில், 1 என்ற எண் இருக்கிறது. எட்மன்டனுக்கு எதிரான, என்.எச்.எல். வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், மூன்றாம் பகுதியின் பிற்பாதியில் தாக்குதல் பகுதி தொடங்கும் நீலக்கோட்டருகிலிருந்து அவர் அடித்து, 3-2 என்று வெற்றி தேடித் தந்து, தொடரை ஏழாவது ஆட்டத்துக்கு இழுத்துச் சென்ற கோல் அது. ஏழாவது ஆட்டத்தில் எட்மன்டன் வென்றது. அட்டவணைக்கு அது வேறு எந்த 1-உடனும் வேறுபாடில்லாத 1 தான். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். வெளியே தெரிந்துகொண்டு வருபவருக்கே இத்தளம் பேசும் என்பதைச் சொல்கிறேன்.

அணி மாற்றங்களைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். டெனோவைப் போலவே 10 என்.எச்.எல். அணிகளைக் கண்ட இன்னொரு தடுப்பாட்டக்காரர் மிஷெல் பெட்டி. அவருடைய 1991-92 பருவத்தில் டொரான்டோ என்று ஒரு வரியும் கால்கரி என்று அடுத்த வரியும் உள்ளன. 1992 ஜனவரியில் டக் கில்மரை டொரான்டோ பெறுவதற்காக இரு அணிகளும் சேர்ந்து பத்துப் பேரைக் கைமாற்றிக்கொண்ட, பல ஆண்டுகள் பேசப்பட்ட பரிமாற்றத்தில், கால்கரிக்குப் போன ஐவரில் பெட்டியும் ஒருவர். டெனோ நாஷ்வில்லுக்குப் போனதற்கோ வேறு காரணம்: 1998-இல் புதிதாக உருவான அந்த அணி, விரிவாக்கத் தேர்வு முறையில் மற்ற அணிகள் காப்பாற்றி வைத்துக்கொள்ளாத ஆட்டக்காரர்களிலிருந்து அவரை எடுத்துக்கொண்டது. பருவ வரிகளில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே நிற்கின்றன. விரும்பிப் பெறப்பட்டவரா, எதற்காகவோ சேர்த்து அனுப்பப்பட்டவரா, காப்பாற்றப்படாமல் விடப்பட்டவரா என்பதுதான் இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையில் முதன்மையான கேள்வி. அதற்கு விடை தேடி நாம் வேறு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ரான் ஹெய்ன்ஸியின் பக்கத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அட்லான்டா வரிகள் 2010-11-உடன் முடிந்து 2011-12-இல் வினிபெக் வரிகள் தொடங்குகின்றன. அவசரமாகப் படிப்பவர் அவர் மறுபடியும் மாற்றப்பட்டார் என்று நினைப்பார். உண்மையில் அவர் அணி மாறவில்லை. அணியே ஊர் மாறியது.

எண்களின் பக்கம் வருவோம். கோல், உதவி, இரண்டையும் கூட்டிய புள்ளி என்ற கட்டங்கள் முன்கள வீரர்களுக்காக அமைந்தவை. தடுப்பாட்டக்காரரின் அன்றாட வேலை கோல் விழாமல் பார்த்துக்கொள்வது. விழாத கோலை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அவருக்கென்று ஓரளவு பொருந்துவது பிளஸ்-மைனஸ் கணக்கு மட்டுமே. அவர் களத்தில் இருக்கும்போது தம் அணி கோல் அடித்தால் ஒன்று கூடும், எதிரணி அடித்தால் ஒன்று குறையும். எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே இருக்கும்போது அடிக்கும் பவர்-பிளே கோல்கள் கணக்கில் சேராது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆள் குறைவாக இருக்கும் இரண்டு நிமிடங்களில் பக் எனும் ரப்பர் வட்டின் முன் விழுந்து உடம்பால் தடுத்து அணியைக் கரையேற்றுபவருக்கு அதற்காக ஒரு பிளஸ்கூடக் கிடையாது. மேலும், இவர்கள் பெரும்பாலும் வலுவற்ற அணிகளுக்கே ஆடியவர்கள் என்பதால், மைனஸ் எண் ஆட்டக்காரரைக் காட்டிலும் அணியையே அதிகம் சொல்கிறது. இந்த வரம்புகள் தளத்தினுடையவை அல்ல, லீகுகள் கணக்கு வைத்துக்கொண்ட முறையினுடையவை. அண்மைக்கால என்.எச்.எல். பருவங்களுக்கு, ஓர் ஆட்டத்தில் சராசரியாக எத்தனை நிமிடம் களத்தில் இறக்கப்பட்டார் என்ற எண்ணை ஹாக்கி-ரெஃபரன்ஸ் தளத்தில் பார்க்கலாம். பயிற்சியாளர் ஒரு தடுப்பாட்டக்காரரை எவ்வளவு நம்பினார் என்பதற்கு அதைவிட நேர்மையான எண் இல்லை என்பது என் கருத்து. இரண்டு தளங்களையும் அருகருகே திறந்து வைத்துக்கொள்வதே சரியான வழி.

இன்டர்நெட் ஹாக்கி டேட்டாபேஸ் தனித்து நிற்பது கீழ்நிலை லீகுகளின் பதிவில்தான். என்.எச்.எல். கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் பிரையன் ஹெல்மர் 146 ஆட்டங்கள் ஆடிய, பெயர் நினைவில் நிற்காத ஒருவர். எந்த அணியாலும் தேர்வுச் சுற்றில் எடுக்கப்படாதவர். இங்கே அவருடைய முழு அட்டவணை விரியும்போது ஆல்பனி, வூஸ்டர், கான்சஸ் சிட்டி, கிராண்ட் ராபிட்ஸ், சான் அன்டோனியோ, ஹெர்ஷி, ஓக்லஹோமா சிட்டி என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. என்.எச்.எல்.-க்கு அடுத்த நிலையிலுள்ள அமெரிக்கன் ஹாக்கி லீகில் மட்டும் 1,117 ஆட்டங்கள், 564 புள்ளிகள்; அவர் ஓய்வு பெற்றபோது அந்த லீகின் தடுப்பாட்டக்காரர் எவரும் அவ்வளவு புள்ளிகள் எடுத்ததில்லை. 2009-லும் 2010-லும் ஹெர்ஷி அணி அந்த லீகின் கால்டர் கோப்பையை வென்றபோது தலைவர் அவரே. மேல்நிலை லீகை மட்டும் மதிக்கும் தளம் இந்த மனிதரை ஒரு கோடியில் தள்ளிவிடும். இங்கோ வூஸ்டர் வரிக்கும் வான்கூவர் வரிக்கும் ஒரே எழுத்தளவு. தளத்தை வடிவமைத்தவர் இதை எண்ணிச் செய்தாரா என்பது வேறு, படிப்பவருக்கு அது ஒரு மரியாதையாகவே படுகிறது.

புதிதாக வருபவர் கவனிக்கத் தவறக்கூடிய ஒன்று வலப்புறத்தின் வெற்றிடம். மீண்டும் ஹெய்ன்ஸியின் பக்கத்துக்கே போகலாம். 2000-இல் 13-ஆவது தேர்வாக மான்ட்ரியால் எடுத்த அவருடைய என்.எச்.எல். வரிகள் மான்ட்ரியால், கொலம்பஸ், அட்லான்டா, வினிபெக், கரோலைனா என்று கீழே இறங்கிக்கொண்டே போக, அவற்றின் பிளேஆஃப் பகுதி முழுவதும் காலியாக இருக்கிறது. 907 ஆட்டங்கள் ஆடியும் பிளேஆஃப் சுற்றில் ஒருமுறைகூடக் கால் வைக்காதவர். முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு முன் அவ்வளவு ஆட்டங்கள் ஆடியவர் அதுவரை யாரும் இல்லை. 2016-17-க்கு இரண்டு வரிகள் இருக்கின்றன. கரோலைனா வரியில் அதே வெற்றிடம். பிப்ரவரியில் மாற்றப்பட்டுப் போய்ச் சேர்ந்த பிட்ஸ்பர்க் வரியில் 25 பிளேஆஃப் ஆட்டங்கள். அந்த ஆண்டின் ஸ்டான்லி கோப்பையைப் பிட்ஸ்பர்க் வென்றது.