வெள்ளி டிரெஸ்ஸிங்: சலைன் ஊற்றிவிடாதீர்கள்

ஆடிப்பெருக்கு அன்று சித்திரான்னத்துக்குச் சோறு வடிக்கும்போது தட்டு நழுவி, கொதிக்கிற கஞ்சி என் மாமியாரின் புறங்காலில் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்தோடிவிடும், கஞ்சி ஒட்டிக்கொண்டே வேகவைக்கும். குழாயடிக்குக் கூட்டிப்போவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா டூத்பேஸ்ட் தடவிவிட்டார். ஆறாம் நாள் கட்டைப் பிரித்தால் பஞ்சில் பச்சை நிறம், அழுகிய பழ வாடை. சீழைச் சோதித்ததில் சூடோமோனாஸ் கிருமி.

அதுவரை போட்டது சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு. 1968லேயே வந்த பழைய மருந்து, மோசமில்லை. ஆனால் தினமும் பழைய களிம்பைக் கழுவித் துடைக்க வேண்டும். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு "சிவ சிவா" என்பார். டாக்டர் மாத்திரை எழுதி, கட்டை நானோ வெள்ளி டிரெஸ்ஸிங்குக்கு, அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகள் பூசிய கட்டுத் துணிக்கு, மாற்றினார்.

தஞ்சாவூரில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன். ஒரு ஷீட் விலையில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். நீலச் சாம்பல் நிறத்தில் இரண்டு வலை, நடுவே ஈரம் தாங்கும் துணி. நனைத்தால்தான் வெள்ளி அயனி (மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணு) கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிருமியைக் கொல்லும்.

முதல் ஷீட்டைப் பாழாக்கியது நான்தான். வீட்டில் மிச்சமிருந்த சலைனை, அதாவது மருத்துவ உப்பு நீரை, ஊற்றி நனைத்தேன். உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் மருந்துக்கு என்ன வேலை? ஊசி மருந்து கலக்கும் ஸ்டெரைல் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். உறைக்குள் இருக்கும் தாளில் இதைப் போட்டிருக்கிறார்கள், ஈரும் பேனுமாய் ஆங்கில எழுத்தில்! இரண்டாவது ஷீட் மின்விசிறிக் காற்றில் காய்ந்து புண்ணோடு ஒட்டியது. நனைத்து, ஊறவிட்டு எடுத்தோம். அதிலிருந்து மேலே ஈரத் துணி போட்டுக் கட்டினேன்.

மூன்று நாளுக்கு ஒரு கட்டு என்பதே பாதி நிம்மதி. மூன்றாவது கட்டைப் பிரித்தபோது பச்சையும் இல்லை, வாடையும் இல்லை. மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு, முழுப் புகழையும் ஷீட்டுக்குத் தர மாட்டேன். சுற்றிலும் தோல் சாம்பல் பூத்திருந்தது. "கால் இப்படியே கறுத்துப்போயிடுமாம்மா?" என்று அத்தை பயந்தார். சில நாளில் போய்விட்டது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்தத் தாளுக்காக.