டியூப்லெஸ் பஞ்சர் கிட்: சில வருடம் வைத்திருந்து சொல்கிறேன்

காங்கேயத்துக்கும் திருப்பூருக்கும் தினமும் பைக்கில் போய் வருபவன் நான். சீட்டுக்கு அடியில் கிடப்பது, உள்ளே டியூப் இல்லாத (டியூப்லெஸ்) டயருக்கு 300 ரூபாய் அளவில் கிடைக்கிற சாதாரண பஞ்சர் கிட்தான். ரோட்டோரத்தில் வண்டியைத் தள்ளும் வேலையை அது மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனால் எல்லா ஓட்டையையும் அது அடைக்காது.

ஊருக்குள் டயரில் ஏறுவது ஆணியும் ஸ்க்ரூவும். மண் ரோட்டில் இறங்கினால் கொரங்காட்டு (மேய்ச்சல் நிலம்) வேலியோரம் கிளுவை முள், வெள்வேல முள். முள்தான் படுத்தும். நுனி உள்ளேயே ஒடிந்துகொண்டு, காற்று ராத்திரி முழுக்கக் கசியும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஆணியைப் பிடுங்கும் முன் அது எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதே சாய்வில் அர ஊசியை விட்டு நாலைந்து முறை இழுத்தால் ஓட்டையின் உள்பக்கம் சொரசொரப்பாகும். கோந்து அங்கேதான் பிடிக்கும். ஓட்டையை அடைக்கிற ரப்பர் குச்சியில் கோந்து தடவி, அதைப் பாதியாக, காது வைத்த இன்னொரு ஊசியில் கோத்து, இரண்டு முனையும் கொஞ்சம் வெளியே நிற்கிற வரை அழுத்துங்கள். அப்புறம் வெடுக்கென்று ஊசியை உருவ வேண்டும். மெதுவாக இழுத்தால் குச்சியும் கூடவே வந்துவிடும். நீட்டிக்கொண்டிருப்பதை அடியோடு வெட்டாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு நறுக்கினால் போதும்.

இதெல்லாம் ரோட்டில் படும் பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருக்கிற ஓட்டைக்கு. டயரின் பக்கவாட்டில் பட்டால் குச்சி ஆகாது. ஓடும்போது அந்த இடம் மடங்கி மடங்கி நிமிரும், ஒட்டு நிற்காது. நான் போகிற பஞ்சர் கடைக்காரர் பக்கவாட்டுக் கிழிசலைப் பார்த்தாலே, "இதுல நான் கைய வெக்க மாட்டனுங்க தம்பி, டயர மாத்திக்குங்க" என்பார். அவருக்கு ஒரு பஞ்சர் காசு போகிறது, ஆனாலும் அவர் சொல்வதுதான் சரி. அவிநாசி பைபாஸில் வேகமாகப் போகிறவர்கள் குச்சியோடு நிறுத்தாமல், டயரைக் கழற்றி உள்பக்கம் மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் ஒட்டு) போட்டுக்கொள்வது நல்லது.

அப்பாவின் ஸ்போக் வீல் வண்டிக்கு இந்தக் கிட் உதவாது. அது டியூப் டயர். பின் டியூபில் ஓட்டை விழுந்தால் காற்று சட்டென்று இறங்கி வண்டியின் பின்பக்கம் ஆடும். அப்போது பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு ஓரம் கட்ட வேண்டும்.

புது டயர் வாங்கும்போது அதன்மேல் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பேன்: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். மாட்டியபின் அம்புக்குறி சக்கரம் சுழலும் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, வால்வையும் கையோடு மாற்றிவிடுவேன். பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடு) 0.8 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த டயருக்குக் குச்சிச் செலவு தண்டம்.

கிட்டில் எனக்கிருக்கும் குறை அந்தக் கோந்து டியூப். ஒரு தடவை திறந்தால் அடுத்த பஞ்சருக்குள் காய்ந்து கல்லாகிவிடுகிறது. இப்போது சைக்கிள் கடையில் கிடைக்கும் சின்ன டியூபாக வாங்கி, திறக்காமலே போட்டு வைக்கிறேன்.