"பிரித்துப் புதுப்பித்தது" என்று விற்கப்படும் வால்சக்கரம்: காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கு, அதிலும் வால்சக்கரம் வைத்த விமானம் கட்டுபவர்களுக்கு, இந்த எச்சரிக்கை. பழைய வால்சக்கரங்களை வாங்கி, "முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தது, மாட்டினால் பறக்கலாம்" என்று விற்கும் ஒருவர் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார். பெயரை எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு கடை போடலாம். செய்கிற வேலையின் லட்சணத்தை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் அந்த லட்சணத்தையே சொல்கிறேன்.

என் விமானத்தில் முதலில் இருந்தது 6 அங்குலத் திட ரப்பர் சக்கரம். சிமென்ட் ஓடுதளத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. புல்தரையில் கதை வேறு. சின்னக் குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு அடியும் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வழியாக நேரே பின்பக்கச் சட்டத்துக்குப் போகும். புஷ்ஷும் (அச்சைச் சுற்றியிருக்கும் குழல்) தேய்ந்துபோயிருந்ததால் 8 அங்குலக் காற்றுச் சக்கரத்துக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். ஸ்காட் 3200, மால், மேட்கோ என்று வால்சக்கரத்தில் தெரிந்த பெயர்கள் எல்லாமே இந்த அளவில் உண்டு. பெடலை மிதித்தால் திரும்ப வேண்டும், ஒரு கோணத்தைத் தாண்டினால் பூட்டு விடுபட்டு முழுதாகச் சுழல வேண்டும். இதுதான் எனக்குத் தேவைப்பட்டது. புதிது வாங்க விலை இடித்தது, அதனால் பழையது.

பெரிய சக்கரம் வாங்கும்போது பலர் கவனிக்காத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வால்சக்கரம் விமானத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. காலியாக 500 கிலோ இருக்கும் விமானத்தில், எடை மையத்திலிருந்து 4 மீட்டர் பின்னால் 1 கிலோ கூட்டினால் மையம் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் பின்னால் நகரும். பின்னால் சாமான் வைக்கும் இடம் உள்ள சிறு விமானத்தில் இது விளையாட்டல்ல. ஆகவே விற்பவரிடம் முதலில் எடையைக் கேளுங்கள். நான் கேட்டேன். "பழையதைவிட லேசாகத்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. 6 அங்குலத் திடச் சக்கரத்தைவிட 8 அங்குலக் காற்றுச் சக்கரம் லேசாக இருக்குமாம்! அந்தப் பதிலிலேயே ஆள் தராசில் வைத்துப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிட்டது. எடையை நானே போட்டுக்கொள்ளலாம் என்று மேற்கொண்டு பேசினேன்.

என் லீஃப் ஸ்பிரிங்கின், அதாவது வால்சக்கரம் மாட்டும் எஃகுப் பட்டையின், அகலம் ஒன்றரை அங்குலம். அந்தப் பட்டை நுழையும் வால்சக்கரத் தலைகள் ஒன்றேகால் அங்குலத்துக்கும் வரும், ஒன்றரைக்கும் வரும். போல்ட் துளையின் விட்டம், ஸ்பிரிங் நுனியிலிருந்து துளை இருக்கும் தூரம், மூன்று சக்கரமும் தரையில் இருக்கும்போது வாலில் இறங்கும் சுமை எல்லாவற்றையும் அளந்து, படம் வரைந்து அனுப்பினேன். "அப்படியே பொருந்தும். என் பொறுப்பு" என்று எழுத்தில் பதில் வந்தது. உள்ளே என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு "பேரிங், பூட்டு, உராய்வுத் தகடு, போல்ட் எல்லாம் புதிது" என்று இன்னொரு பதில். படங்களில் சக்கரம் பளபளவென்று கறுப்பாக, காட்சிப் பொருள்போல இருந்தது.

பெட்டி வந்தது. ஸ்பிரிங்கில் வைத்துப் பார்த்தால் உள்ளே போகவில்லை. ஒன்றேகால் அங்குலத் தலை.

கூப்பிட்டுச் சொன்னேன். அவருடைய பதிலை அப்படியே தருகிறேன்: "ஸ்பிரிங்கை ரெண்டு பக்கமும் கொஞ்சம் ராவி விடுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க." இதைக் கேட்டதும் எனக்கு மீதி நம்பிக்கையும் போய்விட்டது. பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகின் ஓரத்தில் அரம் போடும் ஒவ்வொரு கீறலும் விரிசல் தொடங்க ஓர் இடம். தரையில் ஓடும்போதெல்லாம் வளைந்து நிமிரும் பொருள் அது. கீறலிலிருந்து விரிசல் உள்ளே நடந்து போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் ஸ்பிரிங் முறியும், சுக்கானின் அடிப்பகுதி தரையில் உரசும். இந்த ஆலோசனையை வாய்கூசாமல் சொல்பவர் பிரித்துப் பூட்டிய பொருளை இனி நம்பக் கூடாது என்று, மாட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு முழுவதையும் மேசையில் வைத்துக் கழற்றினேன்.

முதலில் போல்ட். விமானத்துக்கான ஏஎன் வகை எஃகு போல்ட்டின் தலையில் சிலுவைபோலக் குறி இருக்கும். இதில் இருந்த போல்ட்டுகளில் ஒன்றின் தலை மொட்டை, எந்தக் குறியும் இல்லை. மற்றதில் மூன்று ஆரக் கோடுகள். அது மோட்டார் வாகனங்களில் வரும் கிரேடு 5 போல்ட். துளையிட்ட போல்ட்டும், தலையில் வெட்டுகள் உள்ள கோட்டை நட்டும், அவற்றின் வழியே செருகி மடக்கும் காட்டர் பின்னும் வரவேண்டிய இடத்தில் சாதாரண நைலான் நட். சுழலும் மூட்டில், நட்டு தானே கழன்றுவிடாமல் பின் போட்டுப் பூட்டித்தான் ஆகவேண்டும்.

டயரைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. அளவு என்னவோ சரிதான், 2.80/2.50-4. ஆனால் அதே அளவில் மூட்டை தள்ளும் கைவண்டிக்கும் டயர் வருகிறது. எனக்கு வந்தது அதுதான். பக்கச் சுவரில் எச்சரிக்கை எழுத்துகள் இருந்த இடத்தைத் தேய்த்துக் கறுப்பு பூசியிருந்தார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் "நெடுஞ்சாலைக்கு அல்ல" என்ற எழுத்துகளின் தடம் தெரிந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வால் தரையைத் தொட்டால் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று சுற்ற வேண்டும். நடந்து தள்ளும் வேகத்துக்குச் செய்த டயர் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

அப்புறம் பூட்டு. பெடலோடு சக்கரத்தைச் சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்ன நாக்கு. அதன் விளிம்பு கூர்மையாகச் செங்கோணத்தில் இருந்தால்தான் பள்ளத்தில் உட்கார்ந்து நிற்கும். இதில் இருந்த நாக்கின் மூலைகள் உருண்டு, பல் தேய்ந்த கிழவர்போல் இருந்தன. "புதிது" என்று சொன்ன பாகம் இது. வால் சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விரலால் தள்ளினாலே பூட்டு நழுவியது. பக்கக்காற்றில் இறங்கி ஓடும்போது இப்படி நழுவினால் சக்கரம் இஷ்டத்துக்குச் சுழலும். வால்சக்கர விமானத்தின் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒருமுறை மூக்கு திரும்பத் தொடங்கினால் பின்பாரம் அந்தத் திருப்பத்தை மேலும் தள்ளும். கிரவுண்ட் லூப் என்பது அதுதான். அதில் இறக்கை நுனியும் லேண்டிங் கியரும் போகும்.

சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் சுழல் அச்சின் மேல் அழுத்தம் கொடுத்து ஆட்டத்தை அடக்கும் உராய்வுத் தகடுகள் கிரீஸில் ஊறிக் கிடந்தன. அங்கே உராய்வு இருக்க வேண்டும், வழுக்கல் இருக்கக் கூடாது. பேரிங்கைப் பற்றி மட்டும் நியாயமாக ஒன்று சொல்லவேண்டும்: அது உண்மையிலேயே புதிது.

கடைசியாக ஃபோர்க், சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் வார்ப்புக் கவை. வார்ப்பின் மேல் பெயிண்ட் தடிமனாக இருந்தது, மூலைகளில் வழிந்து உறைந்திருந்தது. வார்ப்பைச் சோதித்தவர் அதன்மேல் இவ்வளவு தடிப்பாகப் பூச மாட்டார், மறைக்க விரும்புபவர்தான் பூசுவார். பெயிண்ட் நீக்கும் திரவத்தால் உரித்துவிட்டு டை பெனிட்ரன்ட் போட்டேன். சிவப்புச் சாயத்தைப் பூசிச் சற்று ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால் விரிசலுக்குள் இறங்கிய சாயம் மேலே வந்து கோடு போடும். அச்சுத் துளைக்கு மேலே, உள்பக்க வளைவில், தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு வந்தது. துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் அதே இடத்தில் வந்தது.

படங்களோடு எழுதினேன். இதற்கு அவர் தந்த பதிலைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். "நீங்கள் பெயிண்டை உரித்துவிட்டீர்கள். இனி திருப்பி எடுக்க முடியாது." அதாவது உரிக்காமல் விரிசலைப் பார்க்க முடியாது, உரித்தால் பணம் கிடையாது. இந்தப் பொறி தற்செயலாக வந்ததல்ல, அவருடைய வியாபாரமே இதன்மேல்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். அதே ஆளிடம் வாங்கிய இன்னொருவர் என்னிடம் பேசினார். இறங்கும்போது வால் படபடவென்று அடித்து, பெடல் காலை உதைத்து, கருவிப்பலகையில் எதையும் படிக்க முடியாத அளவுக்கு ஆடியதாம். புகார் சொன்னதற்கு "டயரில் காற்றைக் குறைத்துப் பாருங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. காற்று அழுத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம்தான், மறுக்கவில்லை. ஆனால் உராய்வுத் தகட்டில் கிரீஸ் இருந்தால் காற்றைக் குறைத்து என்ன ஆகப்போகிறது?

சொந்தக் கட்டுமான விமானத்தில் எந்தப் பாகத்தைப் போடுவது என்பதில் நமக்குச் சுதந்திரம் அதிகம். சான்றிதழ் பெற்ற விமானம் என்றால் பாகத்தோடு காகிதம் வரவேண்டும், காகிதம் இல்லாததை மெக்கானிக் தொடமாட்டார். நம்மிடம் அந்தத் தடுப்பு இல்லை. இந்த விற்பனையாளரைப் போன்றவர்கள் நம்மைத் தேடி வருவது அதனால்தான். ஆகவே பணம் போகும் முன்பே இவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: தலையின் உள் அகலம், காலிப்பரில் பிடித்த படத்தோடு; எடை, தராசில் வைத்த படத்தோடு; பெயிண்ட் பூசும் முன் வார்ப்பைச் சோதித்த படம்; பெயிண்டை உரித்துச் சோதித்தாலும் திருப்பி எடுத்துக்கொள்வதற்கான ஒப்புதல். கடைசியாகச் சொன்னதற்குச் சரி என்று எழுதாதவரிடம் வாங்க வேண்டாம். பெயிண்ட் பூசாத பழைய சக்கரம், கறையும் கீறலுமாகக் கிடப்பது, எனக்கு இப்போது பளபளப்பானதைவிடப் பிடித்திருக்கிறது. என்ன இருக்கிறதோ அது கண்ணுக்குத் தெரியும்.

நான் பிறகு புதியதையே வாங்கினேன். மாட்டும்போது அதிக நேரம் போனது சக்கரத்தில் அல்ல, சுழல் அச்சின் கோணத்தில். எரிபொருள், ஆட்கள், சாமான் எல்லாச் சுமையும் ஏற்றி, சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று அச்சைப் பார்க்க வேண்டும். அது நேர் செங்குத்தாகவோ, மேல்முனை இம்மியளவு பின்னால் சாய்ந்தோ இருந்தால் நல்லது. மேல்முனை முன்னால் சாய்ந்தால் சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்துக்கும் அச்சின் நேர்க்கோட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்து, படபடப்பு வரும். பழைய ஸ்பிரிங் வளைவு இழந்து தட்டையாகும்போது நடப்பது இதுவே. என்னுடையதும் சற்றுத் தட்டையாகியிருந்ததால் அதன் மெயின் லீஃபையும் (முதன்மைப் பட்டை) மாற்றினேன். காலியாக இருக்கும்போது பார்த்து "சரியாக இருக்கிறது" என்று விட்டுவிட்டால், ஆள் ஏறியதும் கோணம் மாறிவிடும்.

சுக்கானையும் வால்சக்கரத்தையும் இணைக்கும் சங்கிலி விஷயமும் உண்டு. சங்கிலி மாட்டும் இரு முனைகளான சுக்கான் கொம்பின் நீளமும் சக்கரக் கையின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரக் கை மிகவும் குட்டையாக இருந்தால், சுக்கான் திரும்புவதைவிடச் சக்கரம் அதிகம் திரும்பி, பெடலை முழுதாக மிதிக்கும்போதே பூட்டு விடுபட்டுவிடும். வாலை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, பெடலை இரண்டு பக்கமும் கடைசிவரை மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பல கடிதங்களுக்குப் பிறகு அந்த விற்பனையாளர் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார், சக்கரத்தைத் திருப்பி அனுப்பினால். மறுபடி பெயிண்ட் அடித்து இன்னொருவருக்கு அனுப்பத்தானே என்று கேட்டேன். பதில் இல்லை. ஃபோர்க்கை விரிசல் வழியாகவே இரண்டாக அறுத்துப் போட்டுவிட்டேன். பாதிப் பணமும் போயிற்று. தடிப்பான கறுப்பு பெயிண்ட் பூசிய பழைய வால்சக்கரத்தைச் சமீபத்தில் வாங்கியவர்கள், அடுத்த முறை விமானத்தை வெளியே எடுக்கும் முன் போல்ட் தலைகளையும் டயரின் பக்கச் சுவரையும் ஒருமுறை பாருங்கள். அதற்கு எதையும் கழற்ற வேண்டாம். அந்த இரண்டிலும் சந்தேகம் வந்தால் மட்டும் பெயிண்டை உரியுங்கள். உரிக்கும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.