வாய்க்குள் லேசரா, கன்னத்தின் மேல் எல்இடியா? தோர் ஒளிக்கருவி பற்றி

ஸ்டெம் செல் மாற்றுக்கு முன் ஏற்றும் கடும் கீமோ குழந்தையின் வாய் உட்சவ்வையும் அரித்துவிடும். அந்தப் புண்ணைத் தடுக்கச் சிவப்பு ஒளி காட்டும் கருவிகளில் பிரிட்டனின் தோர் நிறுவனத்துடையது பல வார்டுகளுக்குப் பழக்கமானது. ஒரே பெட்டியில் இரண்டு விதத் தலை பொருத்தலாம்: பேனா போன்ற லேசர் புரோப், உள்ளங்கை அளவு எல்இடி தட்டு.

தட்டில் 69 எல்இடிகள். 34 எல்இடிகளின் அலைநீளம் 660 நானோமீட்டர், ஒவ்வொன்றும் 10 மில்லிவாட். மீதி 35-ம் 850 நானோமீட்டர், 30 மில்லிவாட். கன்னம், உதடு, தாடையின் அடிப்புறம் என ஆறு இடத்தில் 60 விநாடி வைத்தால் ஆறே நிமிடம். குழந்தை வாயைத் திறக்கவே வேண்டாம், கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கலாம். வாந்தியும் கோழையுமாக இருக்கும் நாளில் இது எவ்வளவு பெரிய சலுகை என்பது அந்த வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் முதல் இடம் புரோப்புக்குத்தான். 2021-ல் வந்த குழந்தைகளுக்கான வழிகாட்டுதல் சொல்வது வாய்க்குள் காட்டும் 620 முதல் 750 நானோமீட்டர் வரையிலான ஒளியை. தட்டின் 850 அந்த வரம்புக்கு வெளியே. வெளியிலிருந்து வரும் ஒளி தோலையும் கொழுப்பையும் கடக்கவும் வேண்டும். வாயே திறக்காத குழந்தைக்கு மட்டும் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

புரோப்பின் ஒளி பட வேண்டியது உதட்டின் உட்புறம், உட்கன்னம், நாக்கின் ஓரமும் அடியும், வாயின் தரை, மென்அண்ணம். ஈறும் வன்அண்ணமும் கெட்டியான சவ்வு, அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம். கீமோ தொடங்கும் அன்றே ஆரம்பித்து, தினமும். புண் தெரிந்தபின் தொடங்கினால் அது தடுப்பு அல்ல.

அதிகம் சொதப்புவது கணக்கில். 40 மில்லிவாட் புரோப்பில் ஒரு புள்ளிக்கு 2 ஜூல் (ஒளி ஆற்றலின் அளவு) என்றால் 50 விநாடி. அதே 2 'ஒரு சதுர சென்டிமீட்டருக்கு' என்றிருந்து, முனை 0.04 சதுர சென்டிமீட்டராக இருந்தால் 2 விநாடிதான்! மருந்துச் சீட்டில் வெறுமனே "2 ஜூல்" என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

தொற்றைத் தடுக்க முனையில் மாட்டும் உறை ஒளியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்; பவர் மீட்டரில் உறையோடு அளந்து பாருங்கள். தட்டையும் தெளிவான உறையில்தான் சுற்ற வேண்டும், கையுறை ஆகாது. தோலோடு ஒட்டி வையுங்கள், இடைவெளி விட்டால் ஒளி சிதறும். கருத்த தோல் சிவப்பொளியைக் கூடுதலாக உறிஞ்சும், சூடு தெரிகிறதா என்று குழந்தையிடம் கேட்க வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி குழந்தைக்கும் நர்சுக்கும், அந்த அலைநீளத்துக்கு உரியதாக. புற்றுக்கட்டி இருக்கும் இடத்தின் மேல் காட்டக் கூடாது.

மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து குறுகிய நேரத்தில் ஏறும்போது, சொன்னால் கேட்கும் வயதுக் குழந்தைக்குப் புண்ணைத் தடுக்க ஐஸ்கட்டி சப்பக் கொடுப்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. கருவி வாங்கிவிட்டோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

850 கண்ணுக்குத் தெரியாததால் அணைந்த எல்இடியும் தெரியாது. வாரம் ஒருமுறை போன் கேமராவில் பாருங்கள். பல போன்களில் மங்கலான ஊதாவாகத் தெரியும், செத்தது கறுப்பாக இருக்கும்.