"12 மாத எம்.ஓ.டி. இருக்கு" என்பதை நம்பிப் பழைய எம்.எக்ஸ்-5 வாங்கிவிடாதீர்கள்

பிரிட்டனில் பழைய மஸ்தா எம்.எக்ஸ்-5 (கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எம்.ஓ.டி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று அங்கே வருஷாவருஷம் செய்யும் கட்டாயச் சோதனை.

ஒருவர் வாங்கியது 1999 மாடல், இரண்டாம் தலைமுறை வண்டி. விளம்பரத்தில் "புதிய எம்.ஓ.டி., அட்வைசரி ஒன்றுகூட இல்லை" என்று போட்டிருந்தார்கள். பாஸ் போட்டாலும் சோதகர் எழுதி வைக்கும் எச்சரிக்கைக் குறிப்புதான் அட்வைசரி. பெயின்ட் பளபளப்பு, துணிக்கூரை புதுசு. வாங்கியவர் மூன்றாம் வாரம் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டைத்தான் சில் என்கிறோம். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் அந்தச் சில் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அண்டர்சீல் (துரு பிடிக்காமலிருக்க அடியில் அடிக்கும் தடித்த பூச்சு) மட்டும்தான் மிச்சம். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது.

வயிறு எரிவது எதனால் என்றால், இத்தனையும் முன்பே பதிவில் இருந்தது. அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட் எண்ணை மட்டும் போட்டால் போதும், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2005 முதல் நடந்த எம்.ஓ.டி. சோதனைகள் வந்துவிடும். பாஸ், ஃபெயில், அன்றைய மைல் கணக்கு, என்ன குறை எழுதினார்கள், எல்லாம் இலவசம். இந்த வண்டியின் பதிவைக் கீழிருந்து மேலாகப் படித்தால் கதை தெரிகிறது. முதலில் ஓர் அட்வைசரி: இரண்டு பின் சில்லிலும் துரு. அடுத்த வருஷம் ஃபெயில்: நியர்சைட் பின் சில் அரித்துப் பலம் இழந்துவிட்டது. இரண்டே நாளில் பாஸ். அதற்கடுத்த வருஷம், அடிப்பகுதி முழுக்க அண்டர்சீல் பூசியிருப்பதாக ஒரு குறிப்பு. கடைசி வருஷம் ஒன்றுமே இல்லை. நியர்சைட் என்றால் நடைபாதை ஓரம், இடப்பக்கம். ஆஃப்சைட் என்பது டிரைவர் பக்கம். ஃபெயில் ஆனது இடது சில் மட்டும்தான். வலது சில்லின் துரு என்ன ஆனது? பில் இல்லை, ஃபோட்டோ இல்லை.

துரு தானாக மறையாது. ஒரு குறை பதிவிலிருந்து காணாமல் போனால், வெட்டி வெல்டிங் செய்த பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ மூடி வைத்திருக்கிறார்கள்.

எம்.எக்ஸ்-5 ஏன் அந்த ஒரே இடத்தில் அழுகுகிறது? கூரையில் விழும் மழைத்தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வடிகுழாய் வழியே இறங்கி, பின் சக்கரங்களுக்கு முன்னால் வெளியேறும். இலையும் மண்ணும் சேர்ந்து குழாய் அடைத்தால் தண்ணீர் வழிந்து கார்பெட்டுக்கும் சில்லுக்குள்ளும் போகும். உள்ளிருந்து துரு பிடித்து வெளியே வருவதால், மேலே குமிழ் தெரியும்போது உள்தகடு பெரும்பாலும் போயிருக்கும். அந்த இடத்தில் சில் ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, நடுவில் பலப்படுத்தும் தகடு, உள்தகடு என்று அடுக்கு. மலிவு வேலை செய்பவர் வெளித்தகட்டின் மேல் ஒரு ஒட்டு வைத்து, மேலே அண்டர்சீல் அடித்து அனுப்பிவிடுவார். முறையாகச் செய்தால் நல்ல உலோகம் வரும்வரை வெட்டி, உள்தகட்டிலிருந்து வரிசையாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். இரண்டாம் தலைமுறையில் முன்பக்க சேஸிஸ் ரெயிலும் (வண்டியின் அடியில் பாரம் தாங்கும் நீளச் சட்டம்) இதேபோல அழுகும். அதைச் சரிசெய்வது சில்லைவிடக் கஷ்டம்.

சோதகர் எப்படிப் பாஸ் போட்டார் என்று கேட்கலாம். எம்.ஓ.டி.யில் எதையும் கழற்றிப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. அண்டர்சீலைச் சுரண்டி எடுக்கவும் முடியாது. அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமே அந்தத் தாளில் இருக்கும். விற்பவர் அதை வண்டியின் ஆரோக்கியச் சான்றிதழ் மாதிரி நீட்டுகிறார்.

மைல் கணக்கையும் வருஷாவருஷம் ஒப்பிடுங்கள். ஒரே ஒரு வருஷம் எண் தாறுமாறாக இருந்து அடுத்த வருஷம் பழைய வரிசைக்கே திரும்பினால் அது பெரும்பாலும் தட்டச்சுப் பிழை. 94,000இலிருந்து 61,000க்கு இறங்கி, அங்கிருந்தே தொடர்ந்தால் மீட்டரை மாற்றியிருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் ரோட்ஸ்டர் (எம்.எக்ஸ்-5க்கு அங்கே இருந்த பெயர்) என்றால் கிலோமீட்டரா மைலா என்று பாருங்கள், 96,000 கி.மீ. ஏறக்குறைய 60,000 மைல்தான். அது பிரிட்டன் வருவதற்கு முந்தைய காலம் இந்தப் பதிவில் இருக்காது, ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழைக் கேளுங்கள். நடுவில் நாலைந்து வருஷம் சோதனையே இல்லையென்றால் வண்டி சும்மா நின்றிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2311 என்றால் 2011ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. டயரே அவ்வளவு பழசு என்றால் பிரேக் ஹோஸும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

எம்.ஜி.பி. போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் சிக்கல் வேறு. 2018 மே 20 முதல், 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. கட்டாயமில்லை. எம்.ஜி.பி. தயாரிப்பு 1980இல் நின்றது, எல்லா வண்டியும் இதற்குள் வந்துவிட்டது. "விலக்கு உண்டு" என்பதை விற்பவர் சலுகை போலச் சொல்வார். உங்களுக்கு அது சில வருஷப் பதிவு இல்லாத வண்டி. விரும்பினால் இப்போதும் எம்.ஓ.டி. செய்யலாம், கார் சோதனைக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. வாங்குவதற்கு முன் நீங்கள் தேர்ந்தெடுக்கும் கராஜில் செய்யச் சொல்லுங்கள், பணத்தை நீங்களே கொடுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

விபத்தில் இன்ஷூரன்ஸ் கைவிட்ட வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் எம்.ஓ.டி. பதிவில் வராது, அதற்குத் தனியாகக் காசு கட்டிப் பார்க்க வேண்டும்.

நேரில் போகும்போது டார்ச்சும் துணி சுற்றிய சின்னக் காந்தமும் எடுத்துப் போங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் காந்தம் ஒட்டவில்லையென்றால் உள்ளே ஃபில்லர், அதாவது ஓட்டையை அடைக்கும் பசை. இருக்கைக்குப் பின்னால் கார்பெட்டைத் தூக்கிக் கைவைத்துப் பாருங்கள், ஈரம் தெரியும். அண்டர்சீல் வாசனை புதிதாக அடித்தால் இன்னும் உஷார். வி5சி லாக் புக்கில் (வண்டியின் பதிவு ஆவணம்) இருக்கும் பெயர் எதிரில் நிற்பவருடையதா என்றும் பாருங்கள். தனிநபர் போல நடிக்கும் வியாபாரிகள் இங்கே மாட்டுவார்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால்: டீலரிடம் வாங்கியது என்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பி முழுப் பணத்தையும் கேட்கலாம். "பார்த்தபடியே விற்கப்பட்டது" என்று பில்லில் எழுதினாலும் டீலருக்கு அது செல்லாது. தனிநபரிடம் வாங்கியிருந்தால் பிடி குறைவு. விளம்பரத்தில் எழுதியது பொய் என்று காட்ட வேண்டும், அதனால் விளம்பரத்தை முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஃபெயில் ஆகியிருக்க வேண்டிய வண்டிக்குப் பாஸ் போட்டிருக்கிறார்கள் என்றால் எம்.ஓ.டி.யைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.வி.எஸ்.ஏ.விடம் புகார் கொடுக்கலாம். துரு சம்பந்தப்பட்டது என்றால் சோதனை நடந்து 3 மாதம் வரை, மற்றவற்றுக்கு 28 நாள். அவர்கள் வந்து பார்க்கும்வரை வெல்டிங்கில் கை வைக்காதீர்கள். சரிசெய்துவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.