களவு, சந்தா, கட்டற்றது: ஒரு டைப்செட்டிங் கடையின் கணக்கு

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் என் டைப்செட்டிங் கடைக்கு ஒரு நாள் காலையில் ஓர் அம்மா வந்தார். கையில் சொப்பிங் பை, அதற்குள் பொலித்தீனில் சுற்றிய ஒரு சிறு புத்தகம். அவருடைய கணவரின் முப்பத்தோராம் நாளுக்கு, பதினைந்து வருடத்துக்கு முன்னர் நான் அடித்துக் கொடுத்த கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவாக அச்சடிக்கும் சிறு நூல்.

"மகன், பேரப்பிள்ளையள் கேக்குதுகள். இதில இன்னொரு முப்பது அடிச்சுத் தர ஏலுமா?"

ஏலும் என்று சொல்லிவிட்டேன். பைல் என்னிடம் இருந்தது, செய்த வேலையை எல்லாம் சீடியில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு. ஆனால் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் பிரஸ்காரர் எல்லாரும் பாவித்த ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. அதை விற்றவர்கள் எப்போதோ அதை நிறுத்திவிட்டார்கள். என் இப்போதைய கணினியில் அது ஏறவும் இல்லை.

கடைசியில் அதைத் திறந்தது லிப்ரே ஒபிஸ். கடிதம், கணக்கு எழுதப் பாவிக்கும் கட்டற்ற மென்பொருள் அது, அதாவது எவரும் பாவிக்கவும் நிரலைப் பார்த்துத் திருத்தவும் பகிரவும் விட்டிருப்பது. விற்றவர்களே கைவிட்ட பழைய பைல் வகைகளைத் திறப்பதற்கென்று 2014இல் 'டாக்குமென்ட் லிபரேஷன் புரொஜெக்ட்' என்று ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது. அவர்கள் எழுதும் நிரல்கள் லிப்ரே ஒபிஸுக்குள் வந்து சேர்கின்றன. முழுமையாகத் திறந்தது என்று சொல்ல மாட்டேன். படங்கள் இடம் மாறிக் கிடந்தன, 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நின்றன. பாமினி எழுத்துருவில் அடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பாமினியில் நாம் அடிப்பது தமிழ் எழுத்தே அல்ல. ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறோம். போர்வை போனால் எம், கே, அரைப்புள்ளிதான். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்றி, அம்மா கொண்டுவந்த புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்துத் திருத்த இரண்டு இரவு போனது.

அதுவரை மென்பொருள் என்றால் நான் விலையையும் வசதியையும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது முதல் கேள்வியே வேறு. இதில் செய்கிற வேலையைப் பதினைந்து வருடம் கழித்து, யாரிடமும் கேட்காமல் திறக்க ஏலுமா?

இந்த அலசலையும் அந்தக் கேள்வியோடுதான் செய்கிறேன். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கட்டற்ற மென்பொருளுக்குப் போட்டி, காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இல்லை. கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்துக் காசில்லாமல் ஓட்டும் மென்பொருள். கணினி வாங்கும்போதே கடைக்காரர் எல்லாவற்றையும் ஏற்றித் தந்துவிடுவார். "அதான் எல்லாம் ஃப்ரீயா கிடக்கே, பிறகு ஏன் லினக்ஸ்?" என்று என்னிடம் கேட்ட தம்பிமார் பலர். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய கட்டற்ற இயங்குதளம். ஆகவே ஒப்பீடு இரண்டுக்கு இடையில் அல்ல, மூன்றுக்கு இடையில்.

கிராக்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம். அதைவிட நாளாந்தத் தொல்லை வேறு. கிராக்கை ஏற்ற வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள், பாதுகாப்புப் புதுப்பித்தலையும் நிறுத்தச் சொல்வார்கள். அந்த நிலையில் இருக்கிற கணினியில்தான் ஊர்ச்சனத்தின் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகப் பிரதியும் ஸ்கேன் ஆகிக் கிடக்கின்றன. நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சரி, காசு கொடுத்தே வாங்கலாம் என்றால்? மைக்ரோசொப்ட் 365, அடோபி எல்லாம் இப்போது சந்தாதான். அடோபி தன் முக்கிய மென்பொருள்களைச் சந்தா முறைக்குத் தள்ளியது 2013இல். கட்டும் வரை உங்களுடையது, நிறுத்தினால் இல்லை. கட்டணம் டொலரில், அதற்கு வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு விடும் அட்டை ஒன்றும் வேண்டும். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில கிழமைகளுக்குள் 300ஐத் தாண்டி, மே மாதத்தில் 360 வரை போனதே, அந்த நாள்களில் டொலரில் சந்தா கட்டியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். மென்பொருள் அதேதான், வேலையும் அதேதான். நோட்டீஸ் அடிக்க வருகிறவரிடம் இதற்காகக் கூலியை இரட்டிப்பாகக் கேட்க ஏலுமா?

இனி ஒவ்வொன்றாக. முதலில் இயங்குதளம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் புரொசெசர் என்றால் 2017இல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். என் கடையில் உள்ள இரண்டு கணினியும் நான்காம் தலைமுறை, 4 ஜி.பி. ரம். இரண்டும் நன்றாக ஓடுகின்றன. அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டின் எக்ஸ்.எப்.சி.ஈ. என்ற இலகுவான பதிப்பு 2 ஜி.பி.யிலேயே ஓடும், 4 இருந்தால் வசதி. ஏற்றுவதற்கு முன்னர் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், கணினியில் உள்ள எதுவும் அழியாது.

எங்களைப் போன்ற கடைகளுக்கு லினக்ஸ் தரும் பெரிய நிம்மதி பென் டிரைவில் தெரியும். பள்ளிக்கூடம், கச்சேரி எனும் மாவட்டச் செயலகம், கோயில் என்று ஒரு நாளைக்கு முப்பது பென் டிரைவ் வரும். உள்ளே இருக்கும் போல்டரெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறும் அந்த வைரஸை அறியாத கடைக்காரர் இல்லை. விண்டோஸுக்கு எழுதிய அந்த வைரஸ் லினக்ஸில் ஓடாது. ஒளித்து வைத்த உண்மையான போல்டர்கள் அங்கே அப்படியே தெரியும், பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஆனால் பிரின்டர் விசயத்தில் லினக்ஸ் என்னை வாட்டியிருக்கிறது. என்னிடம் இருந்த ஒரு லேசர் பிரின்டருக்கு லினக்ஸ் டிரைவரைத் தேடி ஒரு போயா விடுமுறை முழுவதும் போனது. கடைசியில் பிரின்டரைத்தான் மாற்றினேன். புதிதாக வாங்குகிறவர்கள் லினக்ஸில் ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து ஒபிஸ். கடிதம், சுயவிவரம், வினாத்தாள், கணக்கு என்றால் லிப்ரே ஒபிஸ் போதும். பக்கம் பக்கமாக மக்ரோ (தானாக வேலை செய்யும் கட்டளைகள்) எழுதிய எக்செல் பைல் என்றால் மைக்ரோசொப்ட்தான் வெல்லும். தமிழ்க்காரருக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் லதா எழுத்துருவில் அடித்து அனுப்பிய வினாத்தாளை லினக்ஸில் திறந்தால், லதா அங்கே இருக்காது. அதற்குப் பதிலாக லோகித் அல்லது நோட்டோ எழுத்துரு வந்து உட்காரும். எழுத்தின் அகலம் வேறு என்பதால் இரண்டு பக்க வினாத்தாள் மூன்றாம் பக்கத்துக்கு வழியும். முதல் தரம் இதைப் பார்த்த ஒரு ரீச்சர், "என்ன தம்பி, பேப்பரைக் குழப்பிப் போட்டீங்கள்" என்று முகம் வாடிவிட்டார். இப்போது அச்சடிக்க மட்டும் என்றால் பி.டி.எப். ஆக அனுப்பச் சொல்கிறேன்.

தட்டச்சுப் பழக்கத்துக்காகப் பயப்பட வேண்டாம். ரங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலேயே கிடைக்கிறது. பாமினியில் கை பழகியவர்கள் கீமேன் என்ற தட்டச்சு மென்பொருளை ஏற்றினால் அதே விசைகளை அடித்தபடி யூனிகோட் எழுதலாம். கீமேனும் இப்போது கட்டற்றதுதான். நான் மாறிய விதம் இதுதான். விரல்கள் எதையும் புதிதாகப் பழகவில்லை.

படவேலையில் நான் கட்டற்றதின் பக்கம் நின்று வாதாட மாட்டேன். கலியாண அல்பம் செய்கிறவருக்கும் பெரிய பிளெக்ஸ் அடிக்கிறவருக்கும் போட்டோசொப்தான் வேகம். கட்டற்ற படத்திருத்த மென்பொருளான கிம்ப் 2025 மார்ச்சில் 3.0 வரை வளர்ந்துவிட்டது, என் தேவைக்குப் போதும். ஆனால் ஒப்செட் அச்சுக்கு வேண்டிய நான்கு நிற முறையில் நேராக நின்று வேலை செய்ய அது இன்னும் தோதில்லை. பக்கம் கட்டுவதற்கு ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அது நான்கு நிறத்தைச் சரியாகக் கையாளும், 2024இல் வந்த 1.6 பதிப்பில் 'கொ', 'கோ' எல்லாம் குலையாமல் வருகின்றன. கற்றுக்கொள்ள ஒரு மாதம் பொறுமை வேண்டும்.

கட்டற்றது அல்ல என்றாலும் வட்ஸ்அப்பை நான் கைவிடவில்லை. வாடிக்கையாளர் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எங்கள் பகுதிச் சனம் அறிய வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். 2004 டிசம்பர் 26இல் நாவலடியில் இருந்து கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது வரை கடல் எடுத்துப் போனதை நாங்கள் அறிவோம். காணாமல் போனவர்களின் விபரம், முகாம்களின் விபரம் எல்லாவற்றையும் சேர்த்துவைக்க அடுத்த சில கிழமைகளில் இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதைக் கட்டற்றதாகவே விட்டார்கள். அதனால்தான் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அதை எடுத்துப் பாவிக்க முடிந்தது. யாரும் லைசன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. சமூகப் பயனுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டு விருது சஹானாவுக்குக் கிடைத்தது. எங்கள் கரையில் விழுந்த துயரத்தில் இருந்து பிறந்த மென்பொருள் அது. கட்டற்ற மென்பொருள் வெளிநாட்டுப் பொடியன்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு லிப்ரே ஒபிஸை மட்டும் ஏற்றுங்கள், பாமினியை விட்டு யூனிகோடுக்கு வாருங்கள். இந்த இரண்டும்தான் அவசரம். லினக்ஸ் பிறகு வரட்டும். பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதில் முதலில் போட்டுப் பாருங்கள். படவேலைக்குச் சந்தா கட்ட வருமானம் இடம் கொடுத்தால் கட்டுங்கள், ஆனால் முடித்த வேலையின் எழுத்தைத் தனியாக, பி.டி.எப். பிரதியோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.

அம்மாவின் கல்வெட்டு முப்பதும் அடித்தாயிற்று. யூனிகோடில் உள்ள மூல பைலையும் பி.டி.எப். பிரதியையும் ஒரு பென் டிரைவில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அந்தச் சீடிகளில் இன்னும் நாற்பத்து மூன்று கல்வெட்டுகள் இருக்கின்றன. சில சீடிகள் இப்போதே சுற்ற மறுக்கின்றன. கடை பூட்டிய பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன். நேற்றோடு ஏழு முடிந்திருக்கிறது.